கூண்டும் கருணையாகத்தான் வந்தது

செந்தில்,

வெள்ளிக்கிழமை நீ வருகிறாய். வந்ததும் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு சென்னைக்கு வந்துவிடச் சொல்வாய். நான் மறுத்துப் பேச ஆரம்பிப்பேன், பாதியில் ஒரு சொல் கிடைக்காமல் நிற்பேன், நீ அந்த இடைவெளியைப் பார்த்துவிடுவாய். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அது எடுபடாது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது சொல் வரும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கலாம். கூடத்தில் நீ வைத்த கேமராவுக்கும் என் முதுகு மட்டும்தான் தெரியும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா நான் பயந்துபோய் இருக்கிறேன். உன்னிடம் ஒருநாளும் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஆனால் இப்போது எனக்கு இருக்கும் பயம் நீ நினைக்கிற பயம் இல்லை. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன சாரல் சீசனில் குற்றாலத்து ஐந்தருவியில் நடந்ததை நீ போலீஸ்காரர் சொல்லித்தான் கேட்டாய். என் வாயால் கேட்டதில்லை. எப்போதும் போல டவுன் பஸ்ஸில் போனேன். நல்ல தண்ணீர். குளித்துவிட்டு வெளியே வந்து வேட்டி மாற்றி, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். அருவி என்று தெரிந்தது. நான் யார் என்று தெரிந்தது. உன் பெயர் தெரிந்தது. திரும்பிப் போக வேண்டிய இடம் மட்டும் இல்லை. மறந்துவிட்டது என்றால் நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்போமே, அப்படிக்கூட இல்லை. அந்த இடத்தில் எதுவுமே இருந்ததில்லை என்பது போல இருந்தது. பழக்கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் நெடுநேரம் நின்றிருக்கிறேன். அங்கே பழம் விற்கிற பெண் ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணாச்சி, ரொம்ப நேரமா இங்கனயே நிக்குதிய? கூட வந்தவிய எங்க?”

“வருவாங்க” என்றேன். யார் வருவார்கள் என்று எனக்கே தெரியாது.

“எந்த ஊரு உங்களுக்கு?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. எத்தனையோ வகுப்புகளில் கேள்வி கேட்டவன் நான். பதில் தெரியாத பையன் எழுந்து நின்று சிரிப்பானே, அதே சிரிப்பு. அவள் அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். “ஏட்டி, இவியளுக்கு என்னமோ ஆயிட்டு. அங்கன போலீஸ்காரர் நிக்காரு, கூப்பிடு” என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சத்தம் போட்டாள். பிறகு ஒரு மங்குஸ்தான் பழத்தைப் பிளந்து என் உள்ளங்கையில் வைத்து, “தின்னுங்க அண்ணாச்சி, பயப்படாதிய” என்றாள். தின்றேன். போலீஸ்காரர் என் போனை எடுத்து உன்னை அழைத்து என் காதில் வைத்தார். நீ “அப்பா!” என்று கத்தினாய். அந்தக் குரலோடு எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்தது. குத்துக்கல்வலசை, நம் தெரு, நம் கேட்டின் பச்சைப் பெயிண்ட். அழுதுவிட்டேன். உன்னிடம் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது என்று சொன்னேன்.

மறுநாளே நீ வந்து நின்றாய். திருநெல்வேலியில் டாக்டர் மூளை ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, “ஆரம்பம்தான், பாத்துக்கிடலாம்” என்றார். அவர் சொன்னதில் எனக்கு ‘ஆரம்பம்’ என்பது கேட்டது. உனக்கு அதற்கு அப்புறம் வரப்போவது எல்லாம் கேட்டிருக்கிறது. நீ சென்னைக்குத் திரும்புவதற்குள் கேமரா வந்தது, கேட்டுக்குப் பூட்டு வந்தது, என்னைப் பார்த்துக்கொள்ள அச்சன்புதூரிலிருந்து செல்லத்தாய் வந்தாள். சாவி அவள் இடுப்பில். நான் கோபப்பட்டேன். “நான் என்ன கைதியா?” என்றேன்.

“ரிஸ்க் எடுக்க முடியாதுப்பா. அருவில வழுக்கியிருந்தா? ரோட்டுல லாரி வந்திருந்தா? அம்மாவும் இல்ல. எனக்கு வேற யாருப்பா இருக்கா?”

கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது உன் உதடு நடுங்கியது. பூட்டுக்குச் சம்மதித்தேன். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை என்பதை நீ நம்ப வேண்டும்.

பயம் ஓரிடத்தில் நிற்பதில்லை, செந்தில். ஒருநாள் மத்தியானம் மலையைப் பார்க்கலாம் என்று மாடிப்படியில் கால் வைத்தேன். “அப்பா, மேல போகாதீங்க, இறங்குங்க” என்று உன் குரல் சுவரில் இருந்த கேமராவிலிருந்து வந்தது. தூக்கிவாரிப் போட்டது. தடுமாறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குரல் வராவிட்டால் நான் தடுமாறியிருக்க மாட்டேன். ஆனால் சென்னையில் உட்கார்ந்து நீ பார்த்தது என்ன? அப்பா படியில் தடுமாறுகிறார். அடுத்த வாரம் படிக்கட்டுக்கும் ஒரு கம்பிக் கதவு வந்துவிட்டது.

நான் கல்லூரியில் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்தது மூன்று பேரரசுகளின் கதையை. இஸ்தான்புல்லிலிருந்து ஆண்ட உஸ்மானியர், இஸ்பஹானிலிருந்து ஆண்ட சஃபாவிகள், ஆக்ராவிலும் டெல்லியிலும் இருந்து ஆண்ட முகலாயர். நீ சின்ன வயதில் சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் கேட்டுக் கொட்டாவி விட்டிருக்கிறாய். இந்தக் கடிதத்தில் அரசர்களின் பெயர்கள் இருக்காது. பல பெயர்கள் இப்போது என்னிடம் இல்லை. அலமாரியில் புத்தகம் இருக்கிறது, எடுத்துப் பார்த்து எழுதலாம். எழுதினால் அது உன்னை ஏமாற்றுவது. பெயர்கள் போய்விட்டன, நடந்தவை இருக்கின்றன. இருக்கிறவரை சொல்லிவிடுகிறேன்.

மாணவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “சார், அவங்க ஏன் விழுந்தாங்க?” ஒரு காரணம் சொன்னால் பரீட்சையில் எழுதிவிட்டுப் போவார்கள். ஒரு காரணம் கிடையாது. அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளி வந்து குவிந்து விலைவாசி ஏறியது, மழை பொய்த்தது, கடலில் வேறு ஆட்களின் கப்பல்கள் வந்தன, தூரத்து மாகாணங்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொண்டன. விழுந்தது என்று நாம் சொல்லும் காலத்திலும் அங்கே நல்ல கவிதை எழுதினார்கள், நல்ல மசூதி கட்டினார்கள், கடைத்தெருவில் வியாபாரம் நடந்தது. இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட்டுத்தான் நான் கூண்டுக்கு வருவேன். அந்த வகுப்பில் யாரும் கொட்டாவி விட்டதில்லை.

ஆரம்பத்தில் அந்த அரசர்கள் எல்லோரும் வெளியே சுற்றினவர்கள். முகலாய வம்சத்தைத் தொடங்கியவர் சின்ன வயதிலேயே சொந்த ஊரைப் பறிகொடுத்துவிட்டு மலை மலையாக அலைந்தார். உஸ்மானிய இளவரசனை மீசை முளைக்கும் முன்பே தூரத்து மாகாணத்துக்கு ஆள அனுப்பிவிடுவார்கள். அங்கே தவறு செய்வான், கற்றுக்கொள்வான். ஆனால் அதில் ஒரு கொடுமை இருந்தது. அப்பா இறந்தால் மகன்களுக்குள் போட்டி. ஜெயித்தவன் மற்றவர்களைக் கொல்லுவான். ஒரு சுல்தான் பட்டத்துக்கு வந்த அன்று அவருடைய தம்பிகள் அத்தனை பேரையும் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். சின்னஞ்சிறு சவப்பெட்டிகளும் பெரிய பெட்டிகளுமாக அரண்மனையிலிருந்து வெளியே வந்தபோது நகரமே அழுதது. அதற்குப் பிறகு வந்தவருக்குத் தம்பியைக் கொல்ல மனம் வரவில்லை. கொல்ல வேண்டாம், உள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. அரண்மனையின் உட்பகுதியில் அறைகள். காவல். அதற்குக் கூண்டு என்றே பெயர் வந்தது. கவனி, செந்தில், கூண்டு கருணையாகத்தான் வந்தது. ரத்தம் சிந்தாமல் இருக்க வந்தது. பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள்.

அப்படி உயிரோடு இருந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அவருடைய அண்ணன் சுல்தான். மற்றச் சகோதரர்கள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டுப் போய்த் திரும்பி வரவில்லை. இவர் மட்டும் அறைக்குள் எந்தக் காலடிச் சத்தம் தனக்கானது என்று கேட்டுக்கொண்டே வளர்ந்தார். ஒருநாள் அண்ணன் நோயில் இறந்துபோனார். மந்திரிகள் ஓடிவந்து, நீங்கள்தான் இனி சுல்தான், வெளியே வாருங்கள் என்று கதவைத் தட்டினார்கள். இவர் கதவை உள்ளிருந்து அடைத்துக்கொண்டார். இது அண்ணன் செய்கிற தந்திரம், வெளியே வந்தால் கொன்றுவிடுவார்கள் என்று நினைத்தார். பெற்ற தாய் வந்து அழைத்தும் நம்பவில்லை. கடைசியில் இறந்தவரின் உடலைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் கதவு திறந்தது. உலகத்தின் மிகப் பெரிய அரியணைகளில் ஒன்று வாசலில் காத்திருக்கிறது, உரியவர் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறார். பாடம் நடத்தும்போது இந்த இடத்தில் பையன்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இஸ்பஹானிலும் இதே கதைதான். அந்த நகரத்தை அவ்வளவு அழகாக எழுப்பிய ஷா, தன் மூத்த மகன் தனக்கு எதிராகச் சதி செய்கிறான் என்று யாரோ காதில் போட்டதை நம்பி அவனைக் கொல்லச் சொன்னார். பிறகு அதை நினைத்துக் கடைசிவரை உருகினார். ஆனால் பயம் போகவில்லை. வேறொரு மகனின் கண்களைப் பறித்தார். அதற்கு அப்புறம் அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப்புரத்துச் சுவர்களுக்குள்ளேயே வளர்ந்தார்கள். சில தலைமுறை கழித்து எதிரி இஸ்பஹானை வளைத்துக்கொள்ள, மக்கள் செருப்புத் தோலை வேகவைத்துத் தின்ற நாளில், அந்தப் பரம்பரையின் ஷா தானே குதிரையேறிப் போய் எதிரியின் தலையில் தன் மகுடத்தின் இறகைச் சூட்டிவிட்டு வந்தார். வெளியுலகத்தோடு எப்படிச் சண்டை போடுவது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நீ பதினெட்டு வயதில் நண்பனின் பைக்கை வாங்கிக்கொண்டு செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் புனலூர்வரை போகவேண்டும் என்று கேட்டாய். நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது, நல்லவேளையாக. சரி என்றேன். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“சரின்னு சொல்லிட்டியளா? ஒத்தப் புள்ளய மலை ரோட்டுல அனுப்புதிய. மழை வேற இருட்டிக்கிட்டு வருது.”

“போயிட்டு வரட்டும்” என்றேன். “என்னைக்காவது போகணும்லா.”

நீ போனபிறகு செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாயங்காலம்வரை ஒரே பக்கம்தான் விரிந்திருந்தது என்று உன் அம்மா கடைசிவரை கேலி செய்தாள். ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கி ரோட்டைப் பார்த்தேன். மழை கொட்டிய நேரத்தில் எழுந்து போய் உன் சட்டைகளை மடித்து வைத்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. நீ தெப்பமாக நனைந்து, நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு வந்து இறங்கினாய். பதிமூன்று கண் பாலத்தின் மேலே ரயில் போனதைப் பார்த்த கதையைத் தலை துவட்டாமல் சொன்னாய். உன் முகம் வேறு முகமாக இருந்தது. அன்று நான் பயப்படாமல் உன்னை அனுப்பினேன் என்று நீ நினைத்திருந்தால், அது தப்பு. பயந்துகொண்டேதான் அனுப்பினேன். பெற்றவனுக்கு வேறு மாதிரி அனுப்பத் தெரியாது.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படித்துவிட்டு செல்லத்தாயைத் திட்டாதே. யாரையாவது திட்ட வேண்டும் என்றால் என்னைத் திட்டு. ஒருநாள் காலையில் கரண்ட் போயிற்று. அவள் சமையலறையிலிருந்து வந்து கூடத்தில் நின்றாள்.

“சார், தெனமும் அந்தக் கேட் கம்பியப் பிடிச்சிக்கிட்டு ரோட்டப் பாத்துக்கிட்டே நிக்குதிய. என்னால பாக்க முடியல. இப்ப கேமரா ஓடாது. கேட்டத் தெறந்து வச்சிருக்கேன். டீக்கடை வரைக்கும் போயிட்டு வாங்க. தம்பி கேட்டாவன்னா நான் மறந்துட்டேன்னு சொல்லிக்கிடுதேன்.”

சட்டை போட்டேன். தலை சீவினேன். செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். திறந்துதான் இருந்தது. எதிரே வாழைத்தார் ஏற்றிய மினி லாரி ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. ஸ்கூல் வேன் போயிற்று. டீக்கடை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். வலது பக்கம் போய், முனையில் திரும்பினால் கண்ணில் படும். தெரிந்தும் கால் வரவில்லை. சாக்கடைக் கல்லின் மேல் ஒரு காலை வைத்தேன். அங்கே போனதும் பெயர் மறந்துபோனால்? மறுபடி அந்தச் சிரிப்புச் சிரித்தால்? உன் உதடு நடுங்குவது கண்ணுக்கு முன்னால் வந்தது. காலை எடுத்து உள்ளே வைத்தேன். நானே கேட்டைச் சாத்தி, நானே தாழ்ப்பாள் போட்டேன்.

“என்ன சார், அதுக்குள்ள வந்துட்டிய?”

“வெயிலா இருக்கு.”

“வெயிலா? தூறிக்கிட்டுல்லா இருக்கு?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு வந்த பயம்தான் என் பயம். ஐந்தருவியில் வந்ததைவிடப் பெரியது. மறதி என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது போகட்டும், டீக்கடைக்குப் போகும் வழியை நான் மறக்கவில்லையே! வழி தெரிந்த மனிதன் நான், கதவு திறந்திருக்கும்போது, தாழ்ப்பாளைத் தேடினேன். அந்த இளவரசனைப் பார்த்துச் சிரித்த அத்தனை வருடங்களுக்கும் சேர்த்து அன்று முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ போட்ட பூட்டை உன்னால் கழற்றிவிட முடியும். இது அப்படிப்பட்டது இல்லை.

அடுத்த தடவை கரண்ட் போனபோது செல்லத்தாயிடம் நானே கேட்டேன். “நீ பின்னாலேயே வா. பேசாதே. கையைப் பிடிக்காதே.” வந்தாள். டீக்கடை வரை போய்விட்டேன். டீக்கடைக்காரர் கண்ணாடிக் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “எங்க சார் ஆளையே காணோம்? சென்னைக்குப் போயிட்டியளோன்னுல்லா நெனச்சோம்” என்றார். “இங்கனதான் இருக்கேன்” என்றேன். அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்புறம் கரண்ட் போன நேரங்களில் பல தடவை போய்விட்டேன். இப்போதெல்லாம் அவள் முனைவரைதான் வருவாள், அங்கேயே நின்றுகொள்வாள். ஒருமுறை திரும்பும்போது எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டேன். “சார், இங்கன, இங்கன” என்று அவள் ஓடிவந்தாள். இதையும் உன்னிடம் மறைக்கவில்லை. பயம் ஒருநாளும் போகவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.

தாஜ்மகாலைக் கட்டியவரின் கடைசிக் காலம் உனக்குத் தெரியும். அவருக்கு உடம்பு முடியாமல் போயிற்று. இறந்துவிட்டார் என்று வதந்தி. மகன்கள் படையோடு கிளம்பிவிட்டார்கள். ஜெயித்த மகன் கோட்டைக்கு யமுனைத் தண்ணீர் வராமல் தடுத்து, கிணற்று உப்புத் தண்ணீரைக் குடிக்க வைத்து, அப்பாவைப் பணிய வைத்தான். பிறகு சாகும்வரை ஆக்ராக் கோட்டையிலேயே காவல். நீ அந்த மகன் இல்லை. அவன் அரியணைக்காகப் பூட்டினான், நீ நான் செத்துவிடக் கூடாது என்று பூட்டினாய். ஆனால் அந்தக் கதையை இத்தனை வருடம் சொன்ன நான் ஒன்றை யோசித்ததே இல்லை. முதல் சில மாதம் கதவைத் திற என்று அந்தக் கிழவர் கத்தியிருப்பார். கடைசி வருடங்களில் திறந்துவிட்டிருந்தால் வெளியே வந்திருப்பாரா? புத்தகத்தில் அது இல்லை. எனக்கு இப்போது அதற்குப் பதில் தெரியும் போலிருக்கிறது, அதுதான் நடுக்கமாக இருக்கிறது.

நான் தேறிவிடுவேன் என்று சொல்லவில்லை. டாக்டர் சொன்ன ஆரம்பம் நடுவாகும், நடு முடிவாகும். உன் முகத்தைப் பார்த்து, “தம்பி, நீங்க யாரு?” என்று நான் கேட்கும் நாள் வரும். அன்றைக்குப் பூட்டு. தயங்காதே, அழாதே, நான் முழு நினைவோடு சொல்கிறேன், பூட்டிக்கொள். சென்னைக்கும் அன்று கூட்டிப்போ. அதுவரை இந்தக் கேட்டின் சாவி ஒன்று என்னிடம் இருக்கட்டும். உன் நம்பர் எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். நான் எங்கே இருக்கிறேன் என்று காட்டும் போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னால் மாட்டிக்கொள்கிறேன். அருவிக்குத் தனியாகப் போகமாட்டேன். நீ வரும்போது கூட்டிக்கொண்டு போ, ஒருதடவையாவது. மிச்சமிருக்கும் நல்ல நாட்களைப் பத்திரமாக இருந்தே செலவழித்துவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வர வண்டி சொல்லியிருப்பாய். வேண்டாம். உன்னை அழைக்க நான் வருகிறேன். செல்லத்தாய் கேட்டைத் திறந்துவிடுவாள், கூட வரமாட்டாள். முனையில் பஸ் ஏறி, தென்காசி ஸ்டேஷன் நிறுத்தத்தில் இறங்கி, நடந்து பிளாட்பாரத்துக்கு வருவேன். நீ இறங்கும்போது நான் அங்கே நிற்பேன். நிற்கவில்லை என்றால், உடனே போனை எடுக்காதே, யாரையும் கூப்பிடாதே. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் எனக்காகப் பயந்துகொண்டு அங்கேயே நில். நானும் அதே பயத்தோடு பக்கத்தில் எங்கேயோ உன்னைப் பார்க்க நடந்து வந்துகொண்டிருப்பேன்.

அப்பா